காலி வரியில் எழுதிய பெயர்

எமெரி லெவெக்கின் கார் அன்று காலை கிளம்பவில்லை. சாவியைத் திருகினான். இரண்டு முறை செருமிவிட்டு அடங்கிப்போனது.

எதிர்வீட்டு வெர்ன் டூசெட் தன் டிரக்கின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரும் எமெரியைப் போலவே மாநிலத் தலைநகருக்குத்தான் போகவேண்டும், ஓட்டு மறு எண்ணிக்கைக்கு. மேலவைத் தேர்தலில் எமெரியை எதிர்த்து நின்றவர் அவர்தான்.

"என்னப்பா, வண்டி உசிர விட்டுடுச்சா?"

"ஆமா."

"சரி, ஏறு."

"நாம ரெண்டு பேரும் ஒரே வண்டியில போனா நல்லா இருக்குமா?"

"ரெண்டு வண்டியில போனா மட்டும் எவனாவது ஓட்ட மாத்திப் போடப்போறானா? போட்டத எண்ணத்தானே போறாங்க. ஏறு. கால் விறைக்குது எனக்கு."

எமெரி ஏறினான். இருக்கையில் ஒரு டப்பா இருந்தது. வெர்னின் மனைவி டோரீன் வெண்ணெய் தடவிச் சுருட்டி வைத்த ப்ளாய், அந்தப் பக்கத்து மெல்லிய தோசை. இன்னும் சூடாக இருந்தது.

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சுட்டிருக்கா. உன் கார் கிளம்பாதுன்னு நேத்தே சொன்னா. என்னைப் பத்திக் கூட அவளுக்கு இவ்வளவு நல்லாத் தெரியாது."

எமெரி ஒன்றை எடுத்துக் கடித்தான். ருசி தெரியவில்லை. ஆகஸ்டிலிருந்தே அப்படித்தான்.

ஆகஸ்டில்தான் அவன் மனைவி ஜோலின் இறந்தாள். தலை வலிக்கிறது என்று சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். எமெரியை விட ஒரு வயது சின்னவள். முப்பத்திரண்டு. மெய்ன் மாநிலத்தின் வடகோடித் தொகுதிக்கு மேலவை உறுப்பினராக இருந்தாள். மறுபடியும் நிற்பதாக இருந்தாள்.

அடக்கம் முடிந்த வாரமே கட்சியிலிருந்து வந்தார்கள். வாக்குச்சீட்டு அச்சுக்குப் போகவேண்டும், அவள் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர் வேண்டும் என்றார்கள். எமெரி பள்ளியில் வேதியியல் சொல்லித்தருபவன். மேடையில் பேசியவனில்லை. மறுத்தால் நிறையக் காரணம் சொல்லவேண்டியிருக்கும் என்று பட்டது. சரி என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறம் நடந்தவை எல்லாம் யாருக்கோ நடந்தவை போல இருந்தன. யார் யாரோ கை குலுக்கினார்கள். தேவாலய பீன்ஸ் விருந்துகளில் தட்டோடு உட்காரவைத்தார்கள். தன் படம் போட்ட அட்டை தன் வீட்டு வாசலிலேயே நட்டிருந்ததைப் பார்த்து ஒருநாள் திடுக்கிட்டான்.

மேலவையில் முப்பத்தைந்து இடங்கள். தேர்தல் முடிந்தபோது இரண்டு கட்சிக்கும் பதினேழு பதினேழு. மிச்சம் இது ஒன்றுதான். இதை எமெரி பிடித்தால் மேலவை அவன் கட்சியிடமே இருக்கும். வெர்ன் பிடித்தால் கை மாறிவிடும். இயந்திரம் எண்ணியதில் வெர்ன் இருபத்துச் சொச்சம் ஓட்டு முன்னால் இருந்தார்.

டிரக் நெடுஞ்சாலைக்கு வந்தது. இருபுறமும் அறுவடை முடிந்த உருளைக்கிழங்கு வயல்கள், வெள்ளையாக.

"ஜெயிச்சா என்ன பண்ணுவ?" என்றார் வெர்ன்.

"தெரியல."

"பிரசாரத்துலயும் அதையேதான் சொன்ன."

"நீங்க?"

"எனக்கும் தெரியாது. ஆனா நான் அத வெளிய சொல்லமாட்டேன். அதான் நமக்குள்ள வித்தியாசம்."

எமெரிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

"பிரசவ வார்டு?" என்று கேட்டான். ஊர் ஆஸ்பத்திரியில் அதை மூடிவிட்டார்கள். அதைத் திறக்கப் பணம் ஒதுக்கும் மசோதாதான் ஜோலின் கடைசியாகக் கட்டிக்கொண்டு அழுதது. அடுத்த கூட்டத்தொடரில் நிறைவேறும் என்று நம்பியிருந்தாள்.

வெர்ன் வேகத்தைக் குறைத்தார். "எனக்கு அதுல ஒரு விரோதமும் இல்ல. என் பேத்தி தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போற வழியில பெட்ரோல் பங்க்ல பொறந்தவ. ஆனா மேலவை எங்க ஆளுங்க கைக்குப் போனா, எது சபைக்கு வரணும்னு முடிவு பண்றது நான் இல்ல. பொய் சொல்ல மாட்டேன் உன்கிட்ட."

"சரி."

"சரின்னா?"

"தெரியல. சரி."

தலைநகரில் அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் எண்ணினார்கள். நீள மேசைகள். மேசைக்கு மேசை இரு கட்சி ஆட்களும் எதிரெதிரே. காவலர்கள் கொண்டுவந்த பெட்டிகளை உடைத்து, சீட்டுகளை ஐம்பது ஐம்பதாக அடுக்கிக் கையால் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒன்றாக உள்ளே நுழைந்ததைப் பார்த்து ஒரு நிருபர் படம் எடுத்தார்.

கட்சியின் வக்கீல் கேண்டஸ் ஹோல்யோக் விரைந்து வந்து எமெரியின் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அவர் வண்டியிலயா வந்தீங்க?"

"என் கார் கிளம்பல."

"கடவுளே. சரி, விடுங்க. நல்ல சேதி இருக்கு. நாம ஜெயிக்கப்போறோம்."

அவள் ஒரு சின்ன மேசைக்கு அழைத்துப்போனாள். அங்கே தனியாக ஒரு கட்டு இருந்தது. இயந்திரம் செல்லாது என்று தள்ளிவிட்ட சீட்டுகள். எல்லாம் ஒரே மாதிரி. எமெரியின் பெயருக்கு நேராக வட்டம் கறுப்படித்திருந்தது. அதற்குக் கீழே, பட்டியலில் இல்லாத பெயரை எழுதுவதற்கான காலி வரி. அதன் வட்டமும் கறுப்படித்திருந்தது. வரியில் ஜோலினின் பெயர்.

ஒன்றில் 'ஜோலின் லெவெக்' என்று கோணல்மாணலாக. ஒன்றில் 'நம்ம ஜோலின்'. ஒன்றில் பெயருக்குப் பக்கத்தில், 'பாலம் கட்ட வச்சதுக்கு நன்றி'.

எமெரி வெகுநேரம் பார்த்தான். செத்துப்போனவளுக்கு இவ்வளவு பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் அவள் செத்தது தெரியும். பாதிப் பேர் அடக்கத்துக்கு வந்தவர்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரெண்டு வட்டம் கறுப்படிச்சா ரெண்டு பேருக்குப் போட்டதா மெஷின் நினைச்சிடும்," என்றாள் கேண்டஸ். "மனுஷங்க அப்படி நினைக்கமாட்டாங்க. உங்களுக்குப் போட்டுட்டு, அவங்களுக்கு ஒரு மரியாதை செஞ்சிருக்காங்க. கல்லறையில பூ வைக்கிற மாதிரி. இது எல்லாமே உங்க ஓட்டு. இந்தக் கட்டைச் சேர்த்தா நீங்க முன்னால போயிடறீங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் விட்டேக்கர் ஏற்கவில்லை. பருத்த மனிதர். மெதுவாகப் பேசினார். "அம்மா, அவங்க எழுதினது பூ இல்ல, பேரு. பக்கத்துல வட்டத்தையும் நிரப்பியிருக்காங்க. ரெண்டு பேருக்கு ஒரு ஓட்டுப் போட முடியாது."

"ஒருத்தர் உயிரோட இல்லையே."

"அது அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் போட்டாங்க. அதான் நான் சொல்றேன்."

இப்படிப்பட்ட நேரத்தில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாக்காளர் யாரை நினைத்துப் போட்டார் என்பதுதான் கணக்கு. வேட்பாளர் இருவரும் நேரில் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் வக்கீல்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் விஷயம் மேலவைக்கே போகும். அங்கே இப்போது பதினேழுக்குப் பதினேழு. பனி உருகும் வரை அடித்துக்கொள்வார்கள்.

வெர்னையும் கூப்பிட்டார்கள். இருவரும் மேசைக்கு முன்னால் தோளோடு தோள் நின்றார்கள். எண்ணிக்கையை நடத்திய பெண் அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிக் காட்டினாள்.

"நீங்க தலையாட்டினாப் போதும்," என்று கேண்டஸ் அவன் காதில் சொன்னாள். "மிச்சத்த நான் பேசிக்கறேன்."

வெர்ன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இந்த 'நம்ம ஜோலின்' எழுதினது யாரா இருக்கும்? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. வீட்டுக்குப் போய்க் கேக்கப்போறதில்ல. சோறு கிடைக்காது."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததைத் திருப்பினாள்.

அதில் காலி வரியில் 'ஜோ' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஊரில் எல்லாருக்கும் அவள் ஜோலின். அவள் அம்மாவுக்கும் ஜோலின்தான். ஜோ என்று கூப்பிட்டது ஒரே ஒருத்தன்.

எமெரி குனிந்து பார்த்தான். தன் கையெழுத்துதானா? 'ஜோ' என்று எழுதியதாக நினைவே இல்லை. வாக்குச்சாவடி நினைவிருந்தது. தடுப்புத் துணி, நூலில் கட்டிய பேனா. சீட்டைச் செருகியபோது இயந்திரம் கத்தியது. மேற்பார்வை செய்த பெண்மணி, "எமெரி, எதோ தப்பாப் போட்டிருக்க போலிருக்கு, வேற சீட்டுத் தரட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றான். ஏன் வேண்டாம் என்றான்? அது நினைவில் இல்லை.

"அடுத்தது," என்றாள் அதிகாரி.

"இருங்க," என்றான் எமெரி.

வெர்ன் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "சொல்லு. இத்தன பேரு யார நினைச்சுப் போட்டாங்க? உன்னையா, அவளையா? நீ சொல்றத நான் ஒத்துக்கறேன்."

"வெர்ன்!" என்றார் விட்டேக்கர்.

"நீங்க சும்மா இருங்க. அவன் பொய் சொல்லமாட்டான். சொல்லத் தெரியாது அவனுக்கு."

கேண்டஸின் விரல்கள் எமெரியின் முழங்கையை இறுக்கின. ஒரு சொல் போதும். 'என்னை' என்று சொன்னால் இருக்கை அவனுக்கு. மேலவை கட்சியிடமே இருக்கும். ஜோலினின் மசோதா பிழைக்கும். அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"இது என் சீட்டு," என்றான்.

விட்டேக்கர் சீட்டை எட்டிப் பார்த்தார். கேண்டஸுக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"பாருங்க! போட்டவரே இங்க நிக்கறார். இத விட என்ன சாட்சி வேணும்? எமெரி, நீங்க வேட்பாளர். உங்க பேருக்கு நேரா கறுப்படிச்சிருக்கீங்க. யாருக்குப் போட்டீங்கன்னு சொல்லுங்க."

எமெரி சீட்டைப் பார்த்தான். தன் பெயர். வட்டம் ஒழுங்காக, விளிம்பு தாண்டாமல் நிரம்பியிருந்தது. பரீட்சைத் தாளில் நிரப்புவது போல. அதன் கீழே 'ஜோ'. வேகமாக எழுதியது. அந்த வட்டம் மட்டும் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது.

"அவளுக்கு," என்றான்.

"என்ன?"

"அவளுக்குத்தான் போட்டேன்."

"அப்ப உங்க பேருக்கு எதுக்கு கறுப்படிச்சீங்க?"

"போடச் சொன்னீங்களே."

ஒருவரும் சிரிக்கவில்லை. விட்டேக்கர் வாயைத் திறந்தார். வெர்ன் கை காட்டி நிறுத்தினார்.

"மத்தவங்க?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டாள். "மத்த சீட்டெல்லாமும் இதே மாதிரிதான் இருக்கு."

"நான் போட்டதே எனக்கு இல்ல," என்றான் எமெரி. "அவங்க போட்டது எப்படி எனக்குன்னு சொல்றது?"

கேண்டஸ் அவன் கையை விட்டாள். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. "அவங்க ரெண்டு வருஷம் பாடுபட்டாங்க அந்த மசோதாவுக்கு," என்றாள். "நான் கூடவே இருந்தேன். நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியல," என்றான். அது உண்மை.

தோல்வியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட ஒரு தாள் தந்தார்கள். போட்டான். பின்னால் யாரோ கைதட்டினார்கள். யாரோ தொலைபேசியில், "மேலவை நமக்கு வந்தாச்சு" என்று கத்தினார்கள். எல்லாரும் வெர்னின் கையைக் குலுக்கினார்கள். வெர்ன் குலுக்கிவிட்டு ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் அவர் எமெரியிடம் வந்தார்.

"அவ மேசையில சாமான் எதாவது இருக்குமே. எடுத்துட்டியா?"

"இல்ல."

"வா. மேல போலாம்."

சுரங்கப் பாதை வழியாகச் சட்டமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள். காவலர் வெர்னின் பெயரைக் கேட்டுவிட்டு மேலவைக் கதவைத் திறந்துவிட்டார். கூடத்தில் யாரும் இல்லை. வளைந்த வரிசைகளில் மேசைகள். இரண்டாவது வரிசையில் ஓரமாக இருந்தது அவளுடையது. எமெரி இழுப்பறையைத் திறந்தான். பாதி தின்ற இருமல் மிட்டாய்ப் பொட்டலம். ஒற்றைக் கையுறை. மசோதாவின் பிரதி, ஓரமெல்லாம் மடங்கி.

"இதெல்லாம் எடுத்துட்டுப் போக யாரக் கேக்கணும்?" என்றான்.

வெர்ன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "என்னைத்தான்னு நினைக்கறேன். எடுத்துக்கோ. அந்தக் காகிதத்த மட்டும் எனக்குக் குடு."

"எதுக்கு? உங்க ஆளுங்க அத எடுக்கமாட்டாங்கன்னீங்களே."

"எடுக்கமாட்டாங்க. படிக்கறதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லையே."

எமெரி கொடுத்தான். கையுறையைச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு வெளியே எடுத்துப் பார்த்தான். இடது கையினுடையது.

"வெர்ன், நான் கீழ சொன்னது நிஜமான்னு எனக்கே தெரியல. எனக்கும் போட்டிருக்கலாம். அந்த நேரத்துல என்ன நினைச்சேன்னு ஞாபகமே வரல."

வெர்ன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "இப்ப அத என்கிட்ட சொல்லாத," என்றார் கடைசியில். "ராத்திரி தூக்கம் வரணும் எனக்கு."

எமெரிக்குக் கால் வலித்தது. அவளுடைய நாற்காலியைப் பார்த்தான். கேட்காமல் உட்காரலாமா என்று தெரியவில்லை.

"உக்காருப்பா," என்றார் வெர்ன். "நான் பதவியேத்துக்கற வரைக்கும் அது என் நாற்காலி இல்ல."

எமெரி உட்கார்ந்தான். வெர்ன் மேசை வரிசைகளுக்கு நடுவே நின்றபடியே மசோதாவின் முதல் பக்கத்தைப் புரட்டினார்.