உச்சிவேளைக் கைமாற்றம்

எங்கள் வானொலி நிலையம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. பாட்டு மட்டும்தான் போடுவோம். காலையில் தமிழ், மதியத்துக்குப் பிறகு சாருடைய மொழி. பிடிக்காதவர்கள் ரெட்டை நாக்கு ரேடியோ என்றார்கள். பிடித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், கொஞ்சம் செல்லமாக.

ஆரம்பித்தது அக்காவும் சாரும். புருஷன் பெண்டாட்டி. கல்யாணத்தை இரண்டு வீட்டாரும் ஏற்கவில்லை. அந்த வீம்பில் நிலையம் தொடங்கி, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி எதிரொலியை அடக்கினார்கள். நான் படிப்பைப் பாதியில் விட்டு இரவு வேலைக்கு வந்தவன். பிறகு பகலுக்கும் என்னையே வைத்துக்கொண்டார்கள். பொத்தான்களைத் தட்டுவது என் வேலை.

உச்சிவேளையில் தமிழிலிருந்து சார் மொழிக்குக் கைமாற்றம். ஒரே மைக்குக்கு முன்னால் இரண்டு பேரும் உட்காருவார்கள். அவரவர் மொழியில்தான் பேச வேண்டும் என்பது முதல் நாள் போட்ட சட்டம். அக்கா தமிழில் சீண்டுவாள், சார் தன் மொழியில் திருப்பிக் கொடுப்பார். அதையும் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"உங்க பாட்டெல்லாம் தூக்க மாத்திரை சார்."

"உன் பாட்டைக் கேட்டு அழுது ஓஞ்சவங்க தூங்க வேண்டாமா?"

என்ன ஜோடி என்று ஊரே கண்வைத்தது. மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தால் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்கள் மகன் செத்த பிறகு வந்த வழக்கம் அது. ஒரு மழை நாளில் ஒலிபரப்பு நின்றுபோனது. அக்கா காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். ஃப்யூஸ் வாங்கிவரச் சார் அவனை பைக்கில் அனுப்பினார். லாரி அடித்தது. அக்கா சாரைத் திட்டவில்லை. பேச்சை நிறுத்தினாள், அவ்வளவுதான். ஆனால் நிலையம் நடக்க வேண்டுமே. விளக்கு எரிந்தால் பேசுவாள்.

வீட்டு விஷயமும் அந்த வழியாகத்தான் போனது. "நேயர்களே, சர்க்கரை மாத்திரை போட்டாச்சா?" என்பாள். ஊரே மாத்திரையைத் தேடும். சார் சட்டைப்பையைத் தடவுவார். "கேஸ் தீர்ந்துபோச்சுன்னா உடனே சொல்லி வைங்க" என்றால், அன்று மாலை சார் சிலிண்டருக்கு அலைவார்.

பிறகு ஒரு கம்பெனி நிலையத்தை வாங்கியது. இரண்டு மொழிக்கும் தனித்தனி அலைவரிசை, பேசுவதற்குக் கம்ப்யூட்டர். கைமாற்றம் கிடையாது.

"அக்கா, இனிமே எப்படி?" என்று கேட்டேன்.

"எது எப்படி?"

"சார்கிட்ட பேசறது."

"உன் வேலையைப் பாருடா" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

கடைசிக் கைமாற்றத்தன்று கம்பெனி ஆட்கள் வெளியே ஒயர் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். அக்கா சீண்டவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

"சார், ஒரு நேயர் ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்காங்க. அன்னைக்கு மழையில கிளம்பும்போது பையன் என்ன சொன்னான்?"

சார் வாயைத் திறந்தார். விளக்கு அணைந்தது. வெளியே எவனோ பிளக்கைப் பிடுங்கியிருந்தான். சார் வாயை மூடிக்கொண்டார். அத்தனை வருடப் பழக்கம். அக்கா கைப்பையை எடுத்தாள்.

நான் கதவைத் தள்ளித் தலையை நீட்டினேன். "பல்புதான் போச்சு. லைன் இருக்கு. பேசுங்க."

என் பலகையில் ஒலியளவு காட்டும் முள் ஒன்றுகூட அசையவில்லை. கண்ணாடித் தடுப்பு வழியாக இருவருக்கும் அது தெரிந்தது. இருந்தும் அக்கா பையைக் கீழே வைத்தாள்.

சார் செத்த மைக்கின் பக்கம் குனிந்தார். முதல் தடவையாகச் சட்டத்தை மீறினார். தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினார்.

"நேயர்களே... அம்மாகிட்ட சொல்லாதே, அப்படி சொன்னான். மழைல போனா அம்மா திட்டும். நான் சீக்கிரம் வரும்னு சொன்னான். நான் சொல்லலை."

அக்கா மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"திட்டித்தான் இருப்பேன்" என்றாள்.

பிறகு வாய்ப்பழக்கத்தில், "அடுத்து என்ன பாட்டு சார்?" என்று கேட்டாள்.

"பாட்டு இல்லை."

படியில் அவர் முன்னால் இறங்கினார், அவள் பின்னால். இரண்டு பேரும் பேசவில்லை. உள்ளே ஒருவன் மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான்.