காது குத்துவது மாதிரிதான் என்றார்

எங்கள் ஸ்பூர்த்திக்குப் பிறக்கும்போதே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையில் ஓட்டை. குடல் அதன் வழியாக மேலே ஏறி நுரையீரலை அமுக்கியது. பிள்ளை நீலம் பாரித்துவிட்டாள். வயிற்றைத் திறந்தும் தைக்கலாம், சின்னத் துளைகள் போட்டுக் குழாய் விட்டும் தைக்கலாம் என்றார் ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர்.

என் மனைவியின் அண்ணன் யமனூரப்பா குறுக்கே விழுந்தார். எங்களில், தாய்மாமன் மடியில் வைத்து முதல் முடி இறக்கும்வரை பிள்ளை உடம்பில் கத்தி படக்கூடாது. காது மட்டும் குத்தலாம்.

"துளைன்னா கத்தி இல்லையே டாக்டரே?"

"காது குத்துற மாதிரிதான். தழும்பே தெரியாது. நாளைக்குக் கல்யாணத்துக்கும் கஷ்டமில்ல" என்று அந்த ஆள் சிரித்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. யமனூரப்பா தலையாட்டினார்; துளை போட்டே தைத்தார்கள்.

ஸ்பூர்த்திக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது அந்தத் தையல் விட்டுப்போயிற்று. குடித்த கஞ்சியைக் கக்கிக் கக்கிப் பிள்ளை துவண்டாள். ப்யாடகி மண்டியில் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நான், நெடி ஏறிய சட்டையோடு ஹூப்ளி பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே ஷைலஜா டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"துளை போட்டா காயம் சின்னது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனா மறுபடி பிரியறது அதுல ஜாஸ்தி. திறந்து தைச்சா தழும்பு பெருசு, ரொம்ப நாள் படுக்கணும், பின்னாடி குடல் ஒட்டிக்கிட்டு அடைச்சாலும் அடைக்கும். ஆனா தையல் நல்லா நிக்கும். சில புள்ளைங்களுக்குத் துளையே போதும். இவளுக்கு ஓட்டை பெருசு, ஏற்கெனவே ஒருதடவை விட்டும் போச்சு. திறந்துதான் ஆகணும். இன்னைக்கே."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இதை அவரு ஏன் சொல்லல? தழும்பைப் பத்திப் பேசின வாய்க்கு இது வரலையா? மூட்டை தூக்குறவனுக்கு என்ன விளங்கும்னு நினைச்சாரா?"

"சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டர்.

அதற்குள் யமனூரப்பா வந்து கதவை மறித்து நின்றார். "மாப்ளே, கத்தின்னா நான் ஒத்துக்க மாட்டேன். செவ்வாக்கிழமை அம்மன்கிட்ட முடி இறக்கிட்டு வந்து கிழிங்க."

"அதுவரைக்கும் அவளுக்கு நீ மூச்சு விடுவியா மச்சான்?"

"தாய்மாமன் பேச்சை மீறினா நம்ம சனம் ஒருத்தரும் உங்க வாசல் மிதிக்காது, பாத்துக்கங்க."

"மிதிக்கவேண்டாம்! முதல்ல அந்த ஆளுக்குத் தலையாட்டின நீ மிதிக்காதே!"

என் மனைவி ஹுலிகெவ்வா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணா, வழிய விடு."

"அடியே, அம்மன் குத்தம்டி!"

"குத்தம் எனக்கு வரட்டும். நீ நகரு."

அவர் நகரவில்லை. அவள் தோளால் ஒரே இடி இடித்தாள். அவருடைய தலைப்பாகை கீழே விழுந்தது. தாண்டிப் போய்ப் பிள்ளையை நர்ஸ் கையில் கொடுத்தாள்.

"டாக்டரே, எவ்வளவு பெருசா வேணுமோ அவ்வளவு பெருசாத் திறங்க. தழும்பைப் பாத்துக் கட்டிக்க மாட்டேங்கிறவன் எங்க வீட்டுப்பக்கம் வரவேண்டாம்."

கதவு சாத்திக்கொண்டது. யமனூரப்பா இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் அவர் பக்கம் திரும்பவில்லை.