திங்கட்கிழமை கிளம்பாத வீடு

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஏழு பேரும் வந்துருவாங்க. காக்க வெக்காத," என்றான் பூபதி. அவனுக்கும் ஆவுடைச்செல்விக்கும் கல்யாணமாகி அது முதல் வாரம்.

"யாரு ஏழு பேரு?"

"கெழமைங்க. அவங்கவங்களுக்கு என்ன சமையல்னு கேட்டுட்டுத்தான் போவாங்க. ஏன், உங்கூட்டுக்கு வர மாட்டாங்களா?"

"எங்க வீட்ல கெழம அது பாட்டுக்கு வரும், போகும். கடல்ல என்ன கெடைச்சுதோ அதுதான் கொழம்பு."

"அதெல்லாம் இங்க ஆகாது புள்ள."

ஆவுடைச்செல்வி தூத்துக்குடிப் பெண். ஈரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் காபி கலக்கும்போது இந்தப் பேச்சு அவளுக்கு நினைவு வரும். இப்போது மகள் நிவேதா கல்லூரிக்குப் போகிறாள். கிழமைகள் ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை.

அன்றும் வந்திருந்தார்கள். செருப்புகளை வாசலில் வரிசையாக விட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திங்கள் வெள்ளை வேட்டிக்காரர். பாதி நாள் விரதம், மீதி நாள் பசி. செவ்வாய்க்கு முன்கோபம். வியாழன் மஞ்சள் துண்டைப் போர்த்திக்கொண்டு கொண்டைக்கடலை மென்றார். வெள்ளி எப்போதும் அப்போதுதான் தலைக்குக் குளித்தவள்போல ஈரக் கூந்தலில் துண்டு சுற்றியிருப்பாள். சனியின் தோளில் ஒரு காகம். ஞாயிறு அந்த வீட்டுக்கே சொந்தக்காரர்போலக் காலை நீட்டிக்கொண்டிருந்தார்.

புதன் மட்டும் ஓரமாக முக்காலியில் இருந்தார். அவருடைய மடியில் அமாவாசை உட்கார்ந்திருந்தார். அமாவாசையை யாரும் அழைப்பதில்லை. அவராக வருவார், யார் மடியிலாவது உட்காருவார். அந்த வாரம் அந்தக் கிழமைக்கு அசைவம் கிடையாது.

இந்த வீட்டுக் கணக்கு எளிமையானது. செவ்வாய், வெள்ளி, சனி மூவரும் கவிச்சியைக் கண்டால் எழுந்து போய்விடுவார்கள். திங்களுக்கு லேசாக ஏதாவது. வியாழனுக்குச் சுண்டல் இல்லாமல் ஆகாது. புதனுக்குக் கோழி, அது நிவேதாவுக்காக. ஞாயிறுக்கு ஆட்டுக்கறி, அது பூபதிக்காக.

கருவாட்டுக் குழம்பு யாருக்கும் இல்லை.

ஆவுடைச்செல்விக்கு அது வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வேண்டும். கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பாள். கூடத்துக்கு வந்து வாயைத் திறப்பாள். "ரசம்" என்று வரும். மறுவாரம் இன்னும் உறுதியாகத் திறப்பாள். "பீன்ஸ் பொரியல்" என்று வரும். அவள் வாய் அந்த வீட்டுக்குப் பழகிவிட்டது.

ஒருமுறை பேசாமல் காரியத்தில் இறங்கினாள். அக்கா கொடுத்தனுப்பிய சீலாக் கருவாட்டைப் பொட்டலத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தாள். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் என்பது அவளுடைய மாமனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் அப்படி ஆகிவிட்டார். டாக்டர் வந்து கதவைத் திறந்து பார்த்து, "நல்லாக் குளுகுளுன்னு இருக்கறாரு, பயப்படாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கருவாடு உள்ளே போனதும் மாமனார் தும்மினார். கதவு படாரென்று திறந்து முட்டைகள் எல்லாம் வெளியே ஓடின. பூபதி கருவாட்டை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

"அய்யனுக்கு ஒத்துக்கல," என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று அவள் காபித் தட்டோடு அடுக்களையிலிருந்து புறப்பட்டாள். கூடத்துக்குப் போகும் நடை நீண்டுகொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது வழக்கம்தான். படுக்கையறைக் கதவைத் தாண்டினாள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் அதே கதவைத் தாண்டினாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. கை வலித்தது.

நடுவழியில் நின்றாள். செவ்வாயின் காபியை எடுத்துக் குடித்தாள். நன்றாக இருந்தது. சனியின் காபியையும் குடித்தாள். நடை சட்டென்று சுருங்கிக் கூடம் எதிரே வந்துவிட்டது.

தட்டைத் தரையில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கிழமைகளுக்கு முன்னால் அவள் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. காகம் இமைக்காமல் பார்த்தது.

"சொல்லுங்க அம்மிணி," என்றார் திங்கள். "நமக்கு லேசா ஏதாச்சும் போதுங்க."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமில்லீன்னா, பட்டினிங்களா?"

"பட்டினியும் இல்ல. நான் சொல்லமாட்டேன்."

திங்கள் மற்றவர்களைப் பார்த்தார். "என்ன சமையல்னு தெரியாம நான் எப்படிக் கெளம்பறதுங்க?"

"கெளம்பாதீங்க."

திங்கள் கிளம்பவில்லை. அதனால் ஞாயிறு முடியவில்லை. மாலை வெயில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டிமேல் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து இறங்கவில்லை.

முதலில் ஞாயிறுதான் முணுமுணுத்தார். "என்ற வேல முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. காலெல்லாம் வீங்குது. யாராச்சும் மாத்திவிடுங்கப்பா."

யாரும் மாற்றிவிடவில்லை.

பிறகு குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். அவர் எப்போதும் லிஃப்டுக்குள்ளேயே இருப்பவர். யார் வீட்டுக்காவது போக வேண்டுமென்றால் லிஃப்டையும் இழுத்துக்கொண்டு வருவார். வாசற்படியில் லிஃப்டை நிறுத்தி, கம்பிக் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், திங்கக்கெழம உங்கூட்லங்களா இருக்கறாரு?"

"ஆமா."

"அனுப்பி வெய்ங்க மேடம். எங்கூட்டு இட்லி மாவு பொங்கிப் பொங்கிப் படியில எறங்கிட்டிருக்குது. ரெண்டாவது மாடிக்கு வந்துருச்சு."

"எறங்கட்டும்."

"ரோட்டுக்குப் போயிருமுங்க."

"போவட்டும். அதுக்கும் நாலு எடம் பாக்கணும்னு இருக்காதா?"

செயலாளர் யோசித்தார். லிஃப்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிவேதா தன் அறையிலிருந்து தலையை நீட்டினாள். "அம்மா, எனக்கு நாளைக்கு ப்ராக்டிகல்."

"நாளைன்னே ஒண்ணு இல்ல கண்ணு."

"ஓ. அப்ப சரி." போய்ப் படுத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "எத வேணா பண்ணும்மா. விட்டுக் குடுத்துறாத."

வெள்ளி கூந்தல் துண்டை அவிழ்த்து உதறினாள். "ஒரு வீட்டுப் பொம்பள நெனச்சா உலகம் நிக்கறதா? நல்லாவா இருக்குது?"

"நின்னுட்டுதான இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

"வாய்!" என்றார் செவ்வாய். அவர் முகம் சிவந்து சுவரெல்லாம் சிவப்படித்தது. "காபியக் குடிச்சதுமில்லாம பேச்சு வேற."

"சர்க்கரை கம்மி. அடுத்த தடவ நீங்க போட்டுக்கிடுங்க."

புதன் சிரித்துவிட்டார். அமாவாசை அவர் தொடையைக் கிள்ளினார். புதன் சிரிப்பை நிறுத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடியும் சிரித்தார்.

பூபதி அவ்வளவு நேரமும் மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கெட்டவனில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் விழித்திருப்பவன். புடவைக் கடையில் அவள் கை எந்தப் புடவையில் நின்றது என்று பார்த்துவைத்து, மறுநாள் வாங்கிக்கொண்டு வருபவன். ஆனால் அவன் அடுக்களைக்குள் பார்த்ததில்லை. அவன் வரும்போதெல்லாம் அடுக்களைக் கதவு சுவராகிவிடும். தட்டு மட்டும் வெளியே வரும்.

"ஓட்டல்ல வாங்கீட்டு வரட்டா?" என்றான்.

"வேண்டாம்."

"உப்புமான்னு சொல்லீரு செல்வி. திங்கள் எதுனாலும் ஒத்துக்குவாரு."

"ஒத்துக்குவேனுங்க," என்றார் திங்கள் ஆவலாக.

"உப்புமா கெடையாது."

"மிக்சி மாத்தோணுமா? ஊருக்குப் போகோணுமா? நாஞ்சொன்னது எதாச்சும் மனசுல வெச்சிருக்கறயா?" அவன் சுவிட்சைவிட்டு நகர்ந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். அண்ணாந்து பார்த்தான். "உனக்கு என்னதான் புள்ள வேணும்?"

அடுக்களையில் மாமனாரின் உறுமல்கூட நின்றது. காகம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டது.

அந்தக் கேள்வி அதுவரை அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. அதனால் எங்கே உட்காருவதென்று தெரியாமல் அது நடுக்கூடத்தில் நின்றது.

ஆவுடைச்செல்வி வாயைத் திறந்தாள்.

"ரசம்," என்று வந்தது.

"சொல்லீட்டாங்க!" என்று துள்ளி எழுந்தார் திங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஒரு செருப்பை மாட்டியும்விட்டார். தண்ணீர்த்தொட்டியில் இருந்த வெயில் மெல்ல இறங்கத் தொடங்கியது. ஞாயிறு நிம்மதியாகக் கொட்டாவி விட்டார். வெள்ளி துண்டை மறுபடி சுற்றிக்கொண்டாள். பூபதியின் முகத்தில்கூட ஒரு தெளிவு வந்துவிட்டது. ரசம்தானா, இவ்வளவுதானா என்கிற தெளிவு.

அந்தத் தெளிவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

எழுந்து போய்த் திங்களின் வேட்டி நுனியைப் பிடித்தாள்.

"உள்ள வாங்க."

"அம்மிணி, ரசம்னு சொன்னீங்களே..."

"அது நான் சொல்லல. என் வாய் சொல்லுச்சு. செருப்பக் கழட்டுங்க."

திங்கள் செருப்பைக் கழற்றினார். வெயில் இருந்த இடத்துக்கே திரும்பி ஏறியது.

அவள் நாற்காலிக்குப் போகவில்லை. நடுக்கூடத்தில் நின்றாள். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி ரசத்தை விழுங்கினாள். அதன் பின்னால் பீன்ஸ் பொரியல் வந்தது, அதையும் விழுங்கினாள். சாம்பார், மோர்க்குழம்பு, அவியல், கூட்டு என்று இத்தனை வருஷத்துச் சமையலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறி வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள். கண்ணில் நீர் முட்டியது. கடைசியில் வாய் காலியானது.

அவள் கல்யாணத்துக்கு முன்பு பேசிய பேச்சு எங்கிருந்தோ எழுந்து வந்தது.

"எனக்குக் கருவாட்டுக் கொழம்பு வேணும். கேட்டியளா? கத்திரிக்கா போட்டு, மாங்கா போட்டு, புளி கூட்டி, இந்த வீட்டு அடுப்புல. எந்தக் கெழமங்கறத நீங்க ஏழு பேரும் அடிச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க, எனக்குக் கவலயில்ல. நான் பக்கத்துல நின்னு சொல்லுதேன், என்னைக் கட்டுன இவுக வைக்கட்டும். கொதிக்கையில ஒரு சன்னலையும் ஒருத்தரும் அடைக்கக் கூடாது."