வீரமணி பேசுகிற இடம்

...அறிவரசனா வீரமணியா, பெரம்பலூரில் இறங்குவதற்குள் மேனேஜருக்குச் சொல்லியாக வேண்டும், சிமெண்ட் மூட்டை கட்டும் பிரிவுக்கு ஒருவர்தான் ஷிப்ட் இன்சார்ஜ், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அறிவரசன்தான், என்று பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தேவயானி மறுபடியும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்... பயிற்சி கொடுக்க வந்தவர் மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினாரே, முடிவெடுப்பவர், கலகலப்பானவர், அனுசரித்துப் போகிறவர், அலசிப் பார்க்கிறவர் என்று, அன்றைக்கே தன் கீழே வேலை செய்கிற எல்லோரையும் அதில் பொருத்தி முடித்துவிட்டாள், வீரமணி மூன்றாம் வகை, நல்ல மனிதர், ஆனால் ஆட்களை நடத்த மாட்டார், தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு "சரிங்க மேடம்", அதற்குமேல் ஒரு சொல் வராது, அறிவரசனோ கேட்பதற்கு முன்பே யோசனை சொல்வான்... இந்த முறை விட்டால் பதவி உயர்வுக்கு வீரமணிக்கு வயது தாண்டிவிடும், பாவம்தான், அதற்காக இரக்கப்பட்டுப் பதவி கொடுக்க முடியுமா?

பேரளி தாண்டியதும் முன்னால் ஒரு சிரிப்பு, யாரென்று பார்த்தால் வீரமணி, வேப்பந்தட்டைக்குப் போகிறவர் இந்த பஸ்ஸில்தானே வருவார், பக்கத்தில் லோடு ஏற்றப் புதிதாகச் சேர்ந்த ஜெயசீலன், இருவரும் அவளைக் கவனிக்கவில்லை. நாளையிலிருந்து வரப்போவதில்லை என்கிறான் ஜெயசீலன், மூட்டை நகர்த்தும் பெல்ட்டின் இரைச்சலில் அறிவரசன் கத்துவது ஒன்றும் காதில் விழவில்லையாம், திட்டு மட்டும் விழுகிறதாம். வீரமணி கையை உயர்த்தினார், விரித்தால் நிறுத்து, மடக்கினால் மெதுவாக...

"அவன் வாயப் பாக்காத தம்பி, என் கையப் பாரு. நாளைக்கு வா, நான் நிக்கிறேன்ல."

அந்தக் கைகளைத் தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள், பில்லிங் பிரிவிலிருந்து இங்கே மாறி வந்தவளுக்கு என்ன தெரியும், பேசத் தெரியாத மனிதர் கையை ஆட்டுகிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்? இதையெல்லாம் மேடத்திடம் சொல்லக்கூடாதா என்று ஜெயசீலன் கேட்டான்.

"எங்கேருந்து சொல்றது? அவங்களே கேப்பாங்க, அவங்களே பதிலும் சொல்லிருவாங்க. சரிங்க மேடம்னு சொல்ல மட்டுந்தான் நமக்கு எடம்."

அப்படியா கேட்கிறேன் நான்? நேற்றுகூட... பெல்ட் சரியாயிடுச்சுல்ல, நாளைக்கு ஓட்டிடலாம்ல, ஆமாம், அப்படித்தான் கேட்டாள். அப்படியானால் அவள் வகை பிரித்தது வீரமணியையா, தன் எதிரே வந்து நிற்கும்போது மட்டும் இருக்கிற வீரமணியையா?

போன் அடித்தது, மேனேஜர். "என்னம்மா, அறிவரசனத்தானே சொல்றீங்க? போட்டுடறேன்."

சரிங்க சார், நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இவரிடம் வேறு எதைச் சொல்லியிருக்கிறாள், இவர் தன்னை எந்த வகையில் வைத்திருப்பார்...

"இல்லைங்க சார்" என்றாள். அவள் குரல் கேட்டு முன்னால் பேச்சு நின்றது. வீரமணி திரும்பிப் பார்த்தார், உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்தினார், உயர்ந்திருந்த கை மடிக்கு இறங்கியது, முகம் மெல்ல மெல்லக் கண்ணாடி அறைக்குள் வருகிற முகமாக மாறிக்கொண்டிருந்தது...