பெரிய லென்ஸும் வெள்ளிமலை பஸ்ஸும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவனை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அவன் எடுத்த பழைய ஆல்பத்தை வாங்கிப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பாவம். இங்கே பார்ப்பது லென்ஸின் நீளத்தை. முழங்கை நீளம் இருந்தால் கெட்டிக்காரன். விரல் நீளம்தான் என்றால் பாஸ்போர்ட் படத்துக்கு ஆவான், அவ்வளவுதான்.

தியாகதுருகத்தில் மெர்லின் ஸ்டுடியோ வைத்திருந்த ஆல்பினுடைய லென்ஸ் விரல் நீளம். படம் நன்றாகத்தான் எடுப்பான். அதை யார் கேட்டார்கள்? ஆவணி முழுக்க ஒரு கல்யாணம்கூட வரவில்லை. ஐப்பசியும் இப்படியே போனால் கடையைச் சாத்திவிட்டுத் தன் தம்பியின் செல்போன் கடைக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டப் போய்விட வேண்டியதுதான் என்று அவன் மனைவி மெர்லின் சொல்லிவிட்டாள். மனைவி பேரில் கடை திறந்துவிட்டு அதை மூடுவது எந்தப் புருஷனுக்கும் நல்லதில்லை.

எனவே, சென்னையில் கிரிக்கெட் மைதானங்களில் படம் எடுத்து ஓய்ந்துபோன ஒருவரிடமிருந்து ஒரு பழைய லென்ஸை வாங்கிவந்தான். வெள்ளை நிறம், கைக்குழந்தை கனம், கை நீளம். அவன் திட்டம் எளிமையானது. பெரியதைத் தோளில் தொங்கவிட்டுக்கொள்வது, சின்னதை மாட்டிப் படம் எடுப்பது. ஊரை ஏமாற்ற அவன் நினைக்கவில்லை. ஊர் தானாக ஏமாறுவதற்கு ஒரு வசதி செய்துகொடுத்தான், அவ்வளவுதான்.

ஒரே வாரத்தில் பொன்னுரங்கம் வந்துவிட்டார். நெல் அறுக்கும் எந்திரத்தை வாடகைக்கு விடுகிறவர். மகள் ஷாலினிக்குக் கல்யாணம். லென்ஸைத் தூக்கிப் பார்த்தார், கனம் பிடித்துப்போனது, அந்த இடத்திலேயே பேசி முடித்துவிட்டார். கூட வந்திருந்த அவர் மனைவி ரங்கம்மாள் மட்டும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய அண்ணன் சுப்புராயன், வெள்ளிமலையில் மரவள்ளி போடுகிறவர், கல்யாணத்துக்கு வரப்போவதில்லையாம். பத்திரிகையில் தாய்மாமன் பேரை அறுவடை எந்திரத்து டிரைவர் பேருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள். அச்சகத்தில் நடந்த தவறுதான். ஆனால் மானம் போனது போனதுதானே. மண்டபத்து வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று அவர் மலைமேல் நின்று சபதம் போட்டுவிட்டார். அச்சடித்தவனை விட்டுவிட்டு என்னைக் கோபித்துக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்பது பொன்னுரங்கத்தின் நியாயம்.

கல்யாணம் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு சின்ன மண்டபத்தில். ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம். ஆல்பின் தன் திட்டப்படி சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு மணமேடைக்கு அருகே போன இரண்டாவது நிமிஷம் பொன்னுரங்கம் கையைப் பிடித்துவிட்டார்.

"இன்னா தம்பி, பெரிச திருஷ்டிக்கா மாட்டி வெச்சிக்கினு இருக்கறீங்க?"

கிட்டத்தில் எடுக்கச் சின்னதுதான் சரி என்று ஆல்பின் விளக்கிப் பார்த்தான். பொன்னுரங்கம் அதைக் கேட்கிற ஆளா?

"அம்மாம் பெரிய மெஷின வூட்ல நிறுத்திட்டு நான் அருவாள எடுத்துக்கினு அறுக்கப் போவனா? கழட்டுங்க."

கழற்றினதை அப்படியே வாங்கிக்கொண்டுபோய் மணமகள் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று வேறு சொன்னார்.

ஆல்பின் பெரியதை மாட்டினான். மேடையிலிருந்து பத்தடியில் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. இருபதடியில் மாப்பிள்ளையின் முகம் கிடைத்தது, முகம் மட்டும். கழுத்தில் போட்ட மாலைகூட வரவில்லை. பந்திக்கூட வாசல்வரை பின்வாங்கினான். மாப்பிள்ளையும் பெண்ணின் ஒரு காதும் வந்தன. மண்டப வாசலுக்குப் போனான். பெண் வந்தாள், கையில் தாலியை எடுத்துத் தரவேண்டிய ஐயர் வரவில்லை. இப்படியே பின்னால் போய்ப் போய், சாலையைத் தாண்டி, மண்டபத்துக்கு நேர் எதிரே வந்து முட்டுகிற தெருவுக்குள் நுழைந்து, நூற்றைம்பது அடி தள்ளி, பழனியின் டீக்கடைப் பெஞ்சுமேல் மூன்றுகால் நிறுத்தியை வைத்து ஏறி நின்றபோதுதான் மேடை முழுசாக அடங்கியது. நல்ல வேளை, வீடியோக்காரர் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

சோதனைக்கு ஒன்று எடுத்துப் பார்த்தான். வாசலில் கட்டியிருந்த வாழைக்குலை மேடைமேல் நின்ற பொன்னுரங்கத்தின் தோளிலிருந்து தொங்கியது. நீள லென்ஸின் குணம் அது. தூரத்தைப் புடவை மாதிரி மடித்துவிடும். அங்கே ஒன்று இங்கே ஒன்று இருப்பதெல்லாம் ஒட்டி நிற்கும். குலை படாமல் இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டு, தாலி கட்டும் ஒரு நொடியைத் தவறவிட்டால் வாழ்நாள் முழுக்க ஸ்கிரீன் கார்டுதான் என்று எண்ணிக் காத்திருந்தான்.

ஊர் அவனைச் சும்மா காத்திருக்க விடவில்லை. கரும்புக்காரர் ஒருவர் அருகே வந்து உற்றுப் பார்த்து, இது எத்தனை இஞ்ச் பம்ப்செட் ஃபுட்வால்வு என்று விசாரித்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்த இன்னொருவர், டிவிக்காரர்கள் கடைசியில் வந்தார்களே என்று நெகிழ்ந்து, லென்ஸைப் பார்த்துத் தன் பேர், வயது, தெருப்பேர் எல்லாம் சொல்லிச் சாக்கடை அடைத்துக்கொண்ட கதையை ஆரம்பித்தார். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவளே பெஞ்சருகே வந்து நின்றாள்.

"அது சுவுத்துக்கு உள்ளகூடத் தெரியுமாமே. அடுப்புல பால வெச்சிட்டு வந்துட்டேன், பொங்குதா பாத்துச் சொல்லுப்பா."

ஆனால் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் உண்மையாகப் பயந்தவர்கள். தெருக்கோடியில் மூன்றுகால் நிறுத்தியில் ஒரு குழாய், சாலையைக் குறிபார்க்கிறது. வேகம் அளக்கிற போலீஸ் கருவியைத் தவிர அது வேறென்னவாக இருக்க முடியும்? மூன்று பேராக வந்தவர்கள் இறங்கி வண்டியை நல்ல பிள்ளைகளாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்த ஒருவர், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியின் மடியிலிருந்த எவர்சில்வர் குண்டானை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். இன்னும் பலர் பாதி வழியில் திரும்பினார்கள். திரும்பியவர்கள் எதிரே வந்தவர்களையும் எச்சரித்துத் திருப்ப, சாலை அடைத்துக்கொண்டது.

போக்குவரத்துக் காவலர் வந்துவிட்டார். எந்த ஸ்டேஷன் கருவி என்று கேட்டார். கல்யாணப் படம் என்று ஆல்பின் மன்றாடினான். அவர் லென்ஸைச் சுற்றிவந்து பார்த்து, சமாதானமாகி, தன் தொப்பியைச் சரிசெய்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். இவ்வளவு கிட்டத்தில் உங்கள் பொத்தான்கூட வராது ஐயா என்றான் ஆல்பின். சரி, மண்டப வாசலில் நிற்கிறேன், அங்கே வைத்து எடு என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை ஒழுங்குபடுத்தினது மாதிரியும் இருக்கும் என்று அங்கே போய் நின்றார்.

கெட்டிமேளம் தொடங்கியது. ஆல்பின் கண்ணை வைத்தான். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். அந்த நேரம் பார்த்து, நெரிசலில் ஊர்ந்துவந்த வெள்ளிமலை பஸ் மண்டப வாசலுக்கு நேராக வந்து, நின்றேவிட்டது.

ஆல்பினுக்கு உயிர் போய் உயிர் வந்தது என்று சொல்ல முடியாது. போனது அப்படியே போனதுதான். எடு எடு என்று கையை ஆட்டினான். படம் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துப் பஸ்ஸின் இந்தப் பக்கத்து ஜன்னல்காரர்கள் தலையை வாரிக்கொண்டு சிரித்தார்கள். பஸ்ஸை நகர்த்தச் சொல்லிப் பழனி தன் டீ வடிகட்டியை வீசிக்கொண்டு ஓடினான். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. பஸ்ஸின் நடுவில் ஒரே ஒரு இருக்கை காலி. இந்த ஜன்னல், அதற்கு எதிரே அந்த ஜன்னல், அதற்கும் அந்தப் பக்கம் ஒரு சதுரத்துக்குள் மேடை. ஆல்பின் அந்தச் சதுரத்தைப் பார்த்து விரலை அழுத்தினான். அழுத்திய விரலை எடுக்கவில்லை. கண்ணை எடுத்து நேராகப் பார்த்தபோது, வாசலில் நின்ற காவலர் தொப்பியைக் கழற்றி எதையோ தட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. தாலி ஏறியிருந்தது.

மூன்றாம் நாள் பொன்னுரங்கம் வீட்டுக்கு மாதிரி ஆல்பத்தோடு போனான். தாலி கட்டினதில் தேறினது ஒரே படம். அதைப் பெரிதாக்கி முதல் பக்கத்தில் வைத்திருந்தான். பொன்னுரங்கம் பார்த்தார். ஜன்னல் சட்டம் தெரிந்தது, கம்பி தெரிந்தது.

"தாலி கட்டற எடத்துல பஸ்ஸு எங்கேர்ந்து தம்பி வந்துச்சி?"

ஆல்பின் சொல்லத் தொடங்கினதை அவர் முடிக்கவிடவில்லை. இந்த ஆல்பம் தனக்கு வேண்டாம் என்றார். நெல் மார்க்கெட் கமிட்டி முழுக்க இதைச் சொல்லத்தான் போகிறேன் என்றும் சொன்னார். மண்டபத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சின்ன லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்தார். மெர்லினிடம் எந்த முகத்தோடு போவது என்றுதான் ஆல்பின் நினைத்தான்.

ரங்கம்மாள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். படத்தை நெடுநேரம் பார்த்தாள். நடுவில் தாலி முடிச்சு, குனிந்த ஷாலினி. அவள் தோளுக்கு ஒட்டினாற்போல, ஜன்னல் ஓரத்தில், பக்கவாட்டில் ஒரு கிழவரின் முகம். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அந்த மீசையை எந்த மங்கலும் மறைக்க முடியாது. நீட்டிய கையிலிருந்து மஞ்சள் அரிசி பறந்து ஷாலினியின் தலைக்குமேல் பூவாக நின்றது.

"எங்க அண்ணன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், பிறகு அழுகை வந்துவிட்டது.

பொன்னுரங்கம் படத்தைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு வேட்டியை மாற்றிக்கொண்டு காரை எடுக்கச் சொன்னார். தம்பியும் வரணும், எப்படி எடுத்தேன் என்று மச்சானிடம் நீங்களே சொல்லணும், இது அவர் இல்லையென்று ஆகிவிட்டால் ஆல்பம் அங்கேயே கிழிந்தது என்றார். மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றிலும் ஆல்பின் தனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

சுப்புராயன் களத்தில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தும் எழவில்லை. படத்தை நீட்டியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாங்கினார். பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், முகத்தருகே கொண்டுவந்து பார்த்தார்.

"நான் வாசப்படிய மிதிக்கல" என்றார் கடைசியில்.

"மிதிக்கலண்ணா. மிதிச்சேன்னு யாரு சொன்னாங்க" என்றாள் ரங்கம்மாள்.

அதன்பிறகு அவராகவே சொல்லிவிட்டார். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கொண்டிருந்தாராம், உரம் வாங்கத்தானாம். மண்டபத்துக்கு எதிரே இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லி டிரைவர் வேடியப்பனின் தோளைத் தொட்டாராம். மடியில் அரிசி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. உரம் எங்கே என்றும் கேட்கவில்லை.

சுப்புராயன் ஆல்பின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"தம்பி, நீ அதுல கண்ண வெச்சிக்கினுதான இருந்த. வண்டி உடனே கெளம்பிருச்சி, எனக்குத் தெரியல. அரிசி புள்ள தலைல வுழுந்துச்சா?"

ஆல்பினுக்குத் தொப்பியைத் தட்டிய காவலர் கண்முன் வந்தார். மேடை எங்கே, பஸ் எங்கே, நடுவில் அறுபதடி. ஒரு அரிசி மணிகூட வாசலைத் தாண்டியிருக்காது. அந்த மனிதர் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதான் படத்துலயே இருக்குதுங்களே ஐயா. அவங்க தலைமேலதான்."

சுப்புராயன் தலையை ஆட்டிக்கொண்டே அழுதார். ரங்கம்மாளும் அழுதாள். பொன்னுரங்கம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டதும் சுப்புராயன் வேறு ஆளாகிவிட்டார். தை மாசம் தன் மகள் கோகிலவாணிக்கு வெள்ளிமலையிலேயே கல்யாணம், இந்தத் தம்பிதான் படம் எடுக்கணும் என்றார். சின்னதெல்லாம் கொண்டுவரக் கூடாது, அறுபதடி தாண்டி ஆசீர்வாதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அந்தப் பெரிசுதான் வேண்டும் என்றார். மெர்லின் ஸ்டுடியோ பிழைத்துவிட்டது. கல்யாணம் எங்கே என்று கேட்டான் ஆல்பின். அதோ என்று அவர் காட்டிய கொட்டகைக்கு முன்னால் இருபதடிக்கு மேல் தரையே இல்லை, அதற்கப்புறம் பள்ளத்தாக்கு. எதிர்மலைச் சரிவில் நிற்க ஒரு பாறை இருக்கிறதா என்று அவன் இப்போதே தேட ஆரம்பித்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் பொன்னுரங்கத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பத்திரிகைல எம் பேர எங்க மச்சான் போடப் போறீங்க?"

சுப்புராயன் கீழே கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு மரவள்ளி சீவ உட்கார்ந்தார்.

"உன் டிரைவருக்குக் கீழ" என்றார்.