விரலும் சக்கரமும்

என் மனைவியின் குரலைப் பற்றி நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்ததை மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் வீட்டில் கீழே என் சாவிக்கடை, மேலே அவளுடைய ஆங்கில வகுப்பு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் இலக்கணம் படிக்க வருகிற பெரியவர்களுக்கான வகுப்பு அது. ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே பழகிவிட்டேன். மாடியில் அவள் 'சிட் டவுன்' என்றால், கீழே சாவி வாங்க நிற்பவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கடையில் இருந்தது ஒரே ஸ்டூல். ஆகவே கொஞ்சம் நெரிசலாக இருக்கும். ஒருமுறை பின்தெருவில் பூட்டை உடைத்துக்கொண்டிருந்த திருடன் ஒருவன் அந்தக் குரல் கேட்டு அப்படியே உட்கார்ந்தான். 'ஸ்டாண்ட் அப்' வந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பான். அன்றைக்கென்று பாடம் நீண்டுவிட்டது. போலீஸார் அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட உட்கார்ந்த வாக்கிலேயேதான் போனான். அவன் உடைத்தது என் கடைப் பூட்டு இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். புண் ஆறியதும் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இனிமே தாராளமா பேசலாம்மா. பழைய குரல் வராது. ஆனா ஒரு குரல் வரும். அதைப் பேசிப் பேசித்தான் சரிபண்ணிக்கணும். பேசாம அப்படியே விட்டீங்கன்னா தொண்டை சோம்பேறியாயிடும். அப்புறம் நீங்க கூப்பிட்டாலும் வராது."

டீச்சர் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். நான் வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே குழாய் கிறீச்சிடுவது போல ஏதோ கேட்டது. திருகு தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று நினைத்தேன். கிறீச்சல் என் பெயரைச் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். குழாய் மூடியது. வெளியே வந்தவள் உதடுகளை இறுக்கி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தது சாப்பிடவும் கொட்டாவி விடவும் மட்டும்தான்.

"பேசும்மா. எப்படி இருந்தா என்ன? எனக்கு முன்னால கூச்சமா?" என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

வகுப்பை மட்டும் அவள் விடவில்லை. டீச்சர் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக மாணவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவள் அதை மறுக்கவில்லை; மறுப்பதற்கும் பேசவேண்டுமே. அப்போது வகுப்பில் போய்க்கொண்டிருந்த பாடம் இன்ஃபினிட்டிவும் ஜெரண்டும். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினைச்சொல் வந்தால், முன்னால் 'டு' போடுவதா, வாலில் 'இங்' சேர்ப்பதா என்கிற தகராறு. வாய் இருக்கிறவர்களே திணறுகிற இடம். டீச்சர் அதற்குக் கையாலேயே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

வலது ஆள்காட்டி விரலை நேரே முன்னால் நீட்டினால் அது 'டு'. இனிமேல் நடக்கவேண்டிய காரியம். ஆசை, நம்பிக்கை, திட்டம், முடிவு எல்லாம் இந்தப் பக்கம். வாண்ட் டு கோ, ஹோப் டு வின், டிசைட் டு லீவ். மணிக்கட்டைச் சக்கரம் போலச் சுழற்றினால் அது 'இங்'. ஏற்கெனவே ஓடுகிற காரியம், ஓடி முடிந்த காரியம் எல்லாம் இங்கே. என்ஜாய் ரீடிங், ஃபினிஷ் குக்கிங், அவாய்ட் ஃபைட்டிங். எல்லாச் சொல்லும் இதற்குள் அடங்காது என்பது அவளுக்கும் தெரியும். அடங்காதவற்றுக்குத் தோளைக் குலுக்கிக் காட்டுவாள். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பது மட்டும் பெரிய வில்லங்கம். 'டு'வும் வரும், பின்னாலேயே 'இங்'கும் வரும். அதற்கு விரலையும் நீட்டவேண்டும், அடுத்த கையால் சக்கரமும் விடவேண்டும். மொத்த வகுப்பும் அதைச் செய்யும்போது, எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்கள் மாடியில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்து, மாதக் கட்டணம் எவ்வளவு என்று என்னிடம் விசாரித்தார்கள்.

பாடம் பிரமாதமாகப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டது. வகுப்பில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் இருந்தார். நாற்சந்தி ரவுண்டானாவில் நின்றபடி பாடத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தவர், தன்னையறியாமல் கையால் சக்கரம் விட்டுவிட்டார். வண்டிகள் எல்லாம் சுற்ற ஆரம்பித்தன. அவருக்கு அடுத்த சொல் ஞாபகம் வரும்வரை சுற்றின. ஒரு கல்யாண கோஷ்டி அந்த ரவுண்டானாவிலேயே மோதிரம் மாற்றிக்கொண்டது. இப்போது அவர்களுக்குக் குழந்தை இருக்கிறது. தொட்டிலில் போட்டால் தூங்காது, சுற்றினால்தான் தூங்கும்.

ஆனால் நான் கவனித்த வேறொன்றும் உண்டு. டீச்சர் பேசாததால் மாணவர்களும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவள் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதுவாள், அவர்கள் விரலையோ சக்கரத்தையோ காட்டுவார்கள், அவள் சிரிப்பாள், அவர்களும் சிரிப்பார்கள். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் சுண்ணாம்புக்கட்டி உரசுவது மட்டும் கேட்கும். கீழே ஸ்டூலில் உட்கார்ந்து நான் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் விழாமல் நான் ஒரு பொழுதும் கழித்ததில்லை. திட்டு வாங்காத மனிதனுக்கு நாள் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஆகவே ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டேன். பால் பாத்திரத்தை அப்படியே வாயில் கவிழ்த்துக் குடித்தேன். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு பாங்குக்குப் போய்வந்தேன். அவள் துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள், பாத்திரத்தைக் கழுவினாள், சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டாள். பொத்தானைப் போடும்போது விரல்கள் ஒரு கணம் என் நெஞ்சில் நின்றன. ஆனால் பேச்சு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் ஏழாம் மாடிக்கு வேலை போனது.

ஏழாம் மாடி என்பது ஆள், டீச்சரின் மாணவர். ஒரு ஏழு மாடி ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். தலை நரைத்தவர். வீட்டில்கூட 'மேலே போறேன், கீழே வரேன்' என்றுதான் பேசுவார். அந்தக் கட்டடத்தில் தானாக ஓடுகிற புது லிஃப்டைப் போட்டுவிட்டு, இவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். வெளியூரில் ஒரு ஓட்டல். வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்க ஆள் தேவை. காலையில் போனிலேயே ஆங்கிலத்தில் இண்டர்வியூ வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, வீட்டுல வச்சுப் பேசினா என் பொண்டாட்டி பக்கத்துல நின்னு அழுவா. உங்க கடையில உக்காந்துக்கவா? டீச்சர் எதிர்ல இருந்தா எனக்கு ஒரு தைரியம்."

"தாராளமா வாய்யா. ஆனா ஸ்டூல் ஒண்ணுதான்."

மறுநாள் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் சாவிகளுக்கு நடுவே வைத்தோம். எதிரே டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலது கையைத் தயாராக வைத்துக்கொண்டாள். இரைச்சலாக இருக்கும் என்று சாவி வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு நான் ஓரமாக நின்றேன்.

போன் அடித்தது. ஓட்டல் மேனேஜர். நல்ல மனிதர் போலத்தான் இருந்தது. வணக்கம் எல்லாம் சொல்லிவிட்டு, இந்த வேலைக்கு ஏன் வர நினைக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஐ வாண்ட்..." என்றார் ஏழாம் மாடி கணீரென்று. டீச்சர் விரலை நீட்டினாள். அவரும் முகமெல்லாம் மலர விரலை நீட்டினார். நீட்டிக்கொண்டே இருந்தார். அவரைப் பொறுத்தவரை பதில் முடிந்துவிட்டது.

"யெஸ்? யூ வாண்ட்?" என்றது போன்.

விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக நீட்டினார்.

பேசுய்யா, பேசு என்று கையைச் சுழற்றிக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், குழம்பினார், பிறகு போனுக்கு நேராக மணிக்கட்டைச் சுழற்ற ஆரம்பித்தார். நெற்றியில் வேர்வை. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அவர்மேல் தப்பே கிடையாது. இத்தனை மாதமாக அந்த வகுப்பில் சரியான பதில் என்றால் கையில்தான் வந்திருக்கிறது.

"ஹலோ? ஆர் யூ தேர்? ஹலோ?"

டீச்சர் தன் கையையே பார்த்தாள். நீட்டிய விரலை மெதுவாக மடக்கினாள். அவள் முகத்தில் இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. தன் வாயை அடைத்தபோது இன்னொருவர் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டோம் என்று ஒருத்திக்குத் தெரிய வருகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் மரியாதை. நான் சாவி வளையங்களைப் பார்த்தேன்.

"லைன் கட் ஆகிவிட்டது போலிருக்கிறது, அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்" என்று மேனேஜர் அங்கே யாரிடமோ ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது.

"வெயிட்!"

இரும்புச் சாவியை என் மெஷின் கடிக்கிறபோது வருமே, அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். மெஷின் நின்றுதான் இருந்தது.

"ஹீ இஸ் ஹியர். ப்ளீஸ் வெயிட்," என்றாள் டீச்சர்.

போன் ஒரு வினாடி யோசித்தது. "ஷ்யூர், சார். ஹூ இஸ் ஸ்பீக்கிங், சார்?"

அவள் இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அது நேராக வந்து மேஜைமேல் உட்கார்ந்துவிட்டது. கண்ணை மூடித் திறந்தாள். தொண்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"சார் இல்லை," என்றாள் ஆங்கிலத்தில், அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக. "மேடம். அவருடைய டீச்சர்."

"ஓ! ஸாரி, மேடம்."

அவள் ஏழாம் மாடியின் பக்கம் திரும்பினாள். "கையைத் தொடைக்கு அடியில வச்சு உக்காருங்க! வாயால சொல்லுங்க! நான் சொல்றேன்ல, அதே மாதிரி!"

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர். வாய் திறந்தது.

"ஐ வாண்ட் டு வொர்க், சார். ஐ ஹோப் டு வொர்க் மெனி இயர்ஸ்."

பிறகு அணை உடைந்த மாதிரி வந்தது. எது பிடிக்கும் என்று மேனேஜர் கேட்டதற்கு, "ஐ என்ஜாய் டேக்கிங் பீப்பிள் அப், சார்" என்றார். கீழே கொண்டுவருவது பிடிக்காதா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்க, "ஐ டோண்ட் மைண்ட் ப்ரிங்கிங் தெம் டவுன்" என்று ஒரு போடு போட்டார். போனில் அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கடைசியில், "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று பிசிறில்லாமல் முடித்தார். அப்போது மட்டும் தொடைக்கு அடியில் இரண்டு கைகளும் துடித்ததில் என் ஸ்டூல் ஒரு சாண் நகர்ந்தது. அந்தக் கீறல் தரையில் இன்னமும் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

எப்போது வந்து சேர முடியும் என்று மேனேஜர் கேட்டார். பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எழுந்து டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கும்பிடறதை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. அழுதுட்டு இருப்பாங்க," என்றாள் அவள். "வாயால சொல்லுங்க."

அவர் ஓடினார். படியே இல்லாத தெருவில் படி இறங்குகிற மாதிரி ஓடினார்.

கடையில் நாங்கள் இருவர் மட்டும். அவள் தொண்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதாவது சொன்னால் அந்தக் குரல் பறவை மாதிரிப் பறந்துவிடுமோ என்று பயம். பேசாமல் ஒரு சாவியை எடுத்து மாட்டி மெஷினைப் போட்டேன்.

"அதை நிறுத்துங்க," என்றாள். "அதுவும் நானும் ஒரே நேரத்துல பேசினா வர்றவங்களுக்கு எது யாருன்னு தெரியவேண்டாமா?"

நிறுத்தினேன். அவள் சிரித்தாள். சிரிப்பும் அந்தக் குரலில்தான் வந்தது. நடுவில் தேய்ந்து, இழுத்து, கடைசியில் கொஞ்சம் துருவாக. பழைய குரலுக்குத் தெரு முழுவதும் உட்காரும் என்றேன் அல்லவா? இந்தக் குரலுக்கு உட்கார்ந்தது நான் ஒருவன்தான்.

"என்னங்க."

"சொல்லு."

"ஈரத்துண்டைக் கட்டில்மேல போடறது எந்த ஊர்ப் பழக்கம்? மெத்தை என்னத்துக்கு ஆகும்? பால் பாத்திரத்துல வாய் வச்சா அப்புறம் அந்தப் பாலை யார் குடிக்கிறது? சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு பாங்குக்குப் போனீங்களே, அந்த மேனேஜரம்மா என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க? இவருக்குப் பொண்டாட்டியே இல்லைன்னுதானே?"

ஒன்றையும் விடவில்லை. நான் செய்த வரிசையிலேயே எல்லாம் வந்தது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள், தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஒருவழியாக முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கி, "கேக்க முடியுதா இந்தக் குரலை?" என்றாள்.

எனக்குக் காது பிரமாதமாகக் கேட்கும். பூட்டுக்குள் ஊசி விழுந்தால் எந்தப் பள்ளத்தில் விழுந்தது என்று சொல்லிவிடுவேன்.

"சரியா கேக்கலை," என்றேன். "முதல்லேருந்து சொல்லு."

நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஈரத்துண்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.