பேரிக்காய் பழுக்கும்வரை ஜெனரலுக்கு ரயில் இல்லை

1.

இந்தக் கதைக்குக் காரணம் நானில்லை, பத்திரிகை ஆசிரியர். "ஒரு அமெரிக்க ஜெனரல், ரெண்டு உலகப் போர், நிறைய குண்டு, கொஞ்சம் கண்ணீர். நீங்கதான் அந்த ஊர்லயே குடியிருக்கீங்களே, ஒரு கதை குடுங்க சார்" என்று போனில் கேட்டார். குடியிருப்பது உண்மைதான். கான்சஸில் ஒரு ராணுவ முகாமின் வேலிக்கு வெளியே என் பாதி ஆயுள் போய்விட்டது. முடிவெட்டும் கடையில் எனக்கு இடமும் வலமும் உட்காருவது பட்டாளத்துக்காரர்கள்தான். அந்தத் தைரியத்தில் ஜம்மென்று ஆரம்பித்தேன்:

1918 செப்டம்பர். பிரான்சில் விடாத மழை. கர்னல் லைமன் ஹாஸ்கெட் பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டி, எதிரே இருந்த காட்டை

அத்தோடு நின்றுவிட்டது. காட்டை என்ன செய்தார்? பார்த்தாரா, திட்டினாரா? பீரங்கிச் சத்தத்தை நான் கேட்டதெல்லாம் சினிமாக் கொட்டகையில். சரி, கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று முடிவெட்டும் கடைக்குப் போனேன். அங்கே ஒரு விசித்திரம். சண்டை எப்படி இருந்தது என்று கேட்டால், "அதை விடுப்பா, டெக்சாஸ்ல எங்களுக்கு ஒரு வீடு குடுத்தான் பாரு, அடுப்புப் புகை பூரா படுக்கைக்குத்தான் வரும்" என்று ஆரம்பிப்பார்கள். குண்டுக்கு ஒரு வரி, வீட்டுக்கு ஒரு மணி நேரம். யாரைக் கேட்டாலும் இதே பாட்டு.

ஆகவே என் ஜெனரலின் வரலாறும் வீடுகளின் வரலாறாகத்தான் வரும் போலிருக்கிறது. (லைமன் ஹாஸ்கெட் என்று ஒருவர் எங்கும் இருந்ததில்லை. ஃபோர்ட் மெரிடன் என்ற முகாமும் கிடையாது. இரண்டும் நான் பெற்ற பிள்ளைகள். தேடிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம்.)

2.

லைமன் நெப்ராஸ்காவில் சோளம் விதைக்கிற வீட்டுப் பையன். ராணுவப் பள்ளியில் படித்து லெப்டினன்ட் ஆனார், கோராவைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் உலகப் போர் வந்ததும் மளமளவென்று உயர்ந்து கர்னல் ஆனார். நெஞ்சில் பதக்கம், பெயரில் பெருமை. போர் முடிந்து ஊர் திரும்பினால் ராணுவம் கையை நீட்டியது: கர்னல் பதவி போருக்காகக் கொடுத்த தற்காலிகப் பதவி, திருப்பிக் கொடு, நீ இனி கேப்டன்.

"என்னைக் கட்டிக்கிட்டப்போ நீ என்னவா இருந்த?" என்று கேட்டாள் கோரா.

"லெப்டினன்ட்."

"நல்லவேளை. அதுக்கும் கீழ இறக்கியிருந்தா கல்யாணமே செல்லாமப் போயிருக்கும்."

(என் முதல் வரைவில் இந்தக் கோராவுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'மனைவி கைக்குட்டையை ஆட்டி வழியனுப்பினாள்.' அவள் கேட்கவில்லை. கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு கதைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று சொல்ல எனக்குத் துணிச்சலில்லை.)

ஃபோர்ட் மெரிடனில் அதிகாரிகள் வீட்டு வரிசைக் கடைசியில், குதிரை லாயத்துக்குப் பின்னால், ஒரு சின்ன வீடு கிடைத்தது. கோரா வந்த வாரமே கொல்லையில் ஒரு பேரிக் கன்றை நட்டாள்.

"காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகுமே, கோரா."

"ஆகட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம், லைமன். நான் நட்ட மரத்துப் பழம், ஒரு மேசை, ஒரு கத்தி, நீயும் நானும். அவ்வளவுதான்."

மரம் முதல் தடவை பூத்த வசந்தத்தில் பேக்லி என்று ஒரு கேப்டன் மாற்றலாகி வந்தான். இருவரும் கேப்டன்தான், ஆனால் அவன் லைமனைவிடச் சில வாரம் சீனியர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சீனியர் ஊருக்கு வந்தால் தெருவில் நின்று, பிடித்த வீட்டைக் கைத்தடியால் காட்டுவார். காட்டினால் தீர்ந்தது. அதில் இருப்பவன் மூட்டை கட்ட வேண்டும். அவன் தனக்கு ஜூனியர் ஒருவன் வீட்டைக் காட்டுவான், அவன் இன்னொருவன் வீட்டை. 'செங்கல் சரியுது' என்பார்கள் இதற்கு. பேக்லி தடியை நீட்டினான். சாயங்காலத்துக்குள் ஹாஸ்கெட் வீட்டுக் கட்டில் வண்டியில் ஏறியது. கோரா பூத்த மரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பேக்லியை அன்று லைமன் மனதுக்குள் திட்டிய திட்டை எந்தப் பத்திரிகையும் அச்சடிக்காது.

பிறகு பிலிப்பைன்ஸ், பனாமா, ஜார்ஜியா. போன இடமெல்லாம் கோரா ஒரு மரம் நட்டாள். போன இடமெல்லாம், காய்க்கிற சமயத்துக்கு, ஒன்று செங்கல் சரிந்தது, இல்லை மாற்றல் உத்தரவு வந்தது. லைமன் பதினைந்து வருஷம் கேப்டனாகவே தலை நரைத்தார்.

[இங்கே பனாமாக் கொசுக்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கோரா அடித்துவிட்டாள். கொசுவையும்தான்.]

3.

1942. இரண்டாவது போர். ராணுவத்துக்கு மறுபடி ஆள் பஞ்சம். லைமன் மறுபடி மளமளவென்று ஏறினார், இந்தத் தடவை பிரிகேடியர் ஜெனரல்வரை. தோளில் நட்சத்திரம். அதுவும் தற்காலிகம்தான் என்பதைக் கோரா தினமும் ஞாபகப்படுத்தினாள், தலைக்கனம் வராமலிருக்க.

உத்தரவு: ஃபோர்ட் மெரிடனில் தயாராக இருக்கிற படையை ரயிலேற்றி, கப்பலேற்றி, கூடவே போகவும்.

(பேரி மரம் நட்ட ஊருக்கே திரும்பிப் போகிற வாய்ப்பைக் கோரா விடுவாளா? நானா விடுவேன்?)

தூண் வைத்த பெரிய வீடு ஜெனரலுக்காகக் காத்திருந்தது. இருவரும் அதற்குள் காலெடுத்து வைக்காமல் நேரே வரிசைக் கடைசிக்கு நடந்தார்கள். மரம் கூரைக்கு மேல் வளர்ந்து, கிளைக்குக் கிளை காயாகத் தொங்கியது. லைமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையிலிருந்த தடியைத் தூக்கி, "அதோ பாருடி, எவ்வளவு!" என்று காட்டினார்.

அவர் காட்டியது மரத்தை. தெரு பார்த்தது தடியை.

ஜெனரல் தடியை நீட்டினால் யாராவது விளக்கம் கேட்பார்களா? அந்த வீட்டில் இருந்தது எல்மர் ஸ்டைல்ஸ் என்ற இளம் கேப்டன், அவன் மனைவி நெட்டி நிறைமாத கர்ப்பிணி. எல்மர் வெளியே போய் ஒரு லெப்டினன்ட் வீட்டைக் காட்டினான். அவன் அடுத்தவன் வீட்டைக் காட்டினான். பெரிய வீட்டுக்குத் திரும்பி ஜெனரலும் கோராவும் காபியைக் குடித்து முடிப்பதற்குள் வரிசை முழுவதும் கட்டில், நாற்காலி, தொட்டில், பறவைக்கூண்டு எல்லாம் புல்வெளிக்கு வந்துவிட்டன.

ஜன்னல் வழியாக இதைப் பார்த்த லைமன், "என்ன இது, தீ கீ பிடிச்சிருச்சா?" என்றார்.

"செங்கல் சரியுது, லைமன். தள்ளிவிட்டது நீதான்" என்று கோரா தொப்பியைக்கூடப் போடாமல் ஓடினாள்.

மரத்தடியில் நெட்டி நின்றிருந்தாள். புருஷனை ஏணியில் ஏற்றிவிட்டு, ஒரு காய் மிச்சமில்லாமல் பறிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். துணி துவைக்கிற தொட்டி நிறையப் பேரிக்காய்.

"வீட்டை எடுத்துக்கோங்க மேடம்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "காய் என்னுது. எனக்கு முன்னாடி வந்தவங்க யாரோ ஒரு புண்ணியவதி நட்டது. உங்களுக்கு ஒண்ணுகூட விடமாட்டேன்."

ஏணி மேலிருந்த எல்மர், "நெட்டி! ஜெனரல் சம்சாரம்டி!" என்று கெஞ்சினான்.

கோரா அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அந்தப் புண்ணியவதி நான்தாம்மா. எங்களை விரட்டினப்போ வெறும் பூதான் இருந்துச்சு. காய் இருந்திருந்தா நானும் இதையேதான் செஞ்சிருப்பேன்."

நெட்டி தொட்டியில் இருந்ததிலேயே பெரிய காயைத் தேடி எடுத்துக் கோரா கையில் வைத்தாள். லைமன் வந்து, எல்லோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பலாம் என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் ஜெனரலே ஒரு தொட்டிலைத் தூக்கி உள்ளே வைத்த பிறகுதான் நம்பினார்கள்.

4.

பேரிக்காயைப் பற்றி ஒரு சமாச்சாரம். அது மரத்தில் பழுக்காது. பறித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். கோரா கையிலிருந்தது பச்சைக் கல். ஜன்னலில் வைத்தாள்.

மறுநாளே உத்தரவு வந்தது: விடிந்ததும் படை கிளம்புகிறது.

"பையில போட்டுக்கிட்டுப் போறேனே?" என்றார் லைமன்.

"கப்பல்ல நீ தனியா தின்னா அது கடைப் பழம். ஒரு மேசை, ஒரு கத்தி."

"அப்ப இப்பவே வெட்டு. பல்லு போனாப் போகுது."

"இத்தனை வருஷம் காத்திருந்துட்டுக் கல்லைக் கடிக்கவா? சும்மா இரு."

விடிந்தது. மூட்டை முடிச்சோடு படை ஸ்டேஷனில் நின்றது. ரயில் வரவில்லை. இதுவும் ராணுவ வழக்கம்தான்: அடித்துப் பிடித்து ஓட வைப்பார்கள், ஓடிப்போய் நின்றால் காக்க வைப்பார்கள். அன்று சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பினார்கள். மறுநாளும் அதே கதை. லைமன் தினமும் வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போய்க் காயை அமுக்கிப் பார்ப்பார். கல். முதல் போருக்குப் போனபோது அவருக்குப் பயமே இருந்ததில்லை. இப்போது பயமாக இருந்தது. குண்டுக்கு இல்லை. ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டவர், கட்டினவள் கேட்ட ஒரே ஒரு பழத்தை அவளோடு உட்கார்ந்து தின்னாமல் செத்துப்போய்விடுவோமோ என்று பயம்.

வாசகரே, ரயில் ஏன் வரவில்லை தெரியுமா? நான் வரவிடவில்லை. முடிவெட்டும் கடை, பனாமாக் கொசு, பேரிக்காய்ச் சமாச்சாரம் இதெல்லாம் எதற்கு என்று நினைத்தீர்கள்? ஒவ்வொரு பத்திக்கும் ரயில் ஒரு நாள் தாமதம்.

ஆசிரியர் போன் செய்தார். "சார், சண்டை எப்ப வருது?"

"ரயில் வந்ததும்."

"வரச்சொல்லுங்க சார்! பக்கம் முடியப்போகுது!"

"காய் இன்னும் கல்லா இருக்கே."

"கதைதானே? பழுத்துச்சுன்னு எழுதிட்டாப் போச்சு!"

அதுதான் முடியாது. சோளத்தையும் பேரியையும் பார்த்துப் பார்த்து வளர்க்கிற ஊரில் இருக்கிறேன். பழுக்காததைப் பழுத்தது என்று எழுதினால் நாளைக்கு முடிவெட்டும் கடையில் முகத்தைக் காட்ட முடியாது.

5.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ) ரயில் வருகிறது. ஜெனரல் போகிறார். பழம் ஜன்னலில் பழுத்து, கோரா அதைத் தொடாமல் (ஆசிரியர் கேட்ட கண்ணீர் இதுதான். கொடுக்க மாட்டேன்.)

ஆ) 1945. வெற்றி. ஜெனரல் திரும்புகிறார். ராணுவம் வழக்கம்போல நட்சத்திரத்தைத் திருப்பிக் கேட்கிறது. "எடுத்துக்கிட்டுப் போகட்டும், மரத்தைக் கேக்காம இருந்தாச் சரி" என்கிறாள் கோரா. பிறகு நெட்டியின் குழந்தை அந்த மரத்தில் ஏறி (இது பிடித்திருந்தது. ஆனால் இதிலும் கோரா இன்னும் பழம் தின்றபாடில்லை.)

இ) இதைத்தான் வைத்துக்கொண்டேன்:

சாயங்காலம். மேசையில் பேரிக்காய், பக்கத்தில் கத்தி. நிறம் இலேசாக மஞ்சளுக்குத் திரும்பியிருக்கிறது. வாசம்கூட வருகிற மாதிரி இருக்கிறது, ஆனால் ஆசையில் எனக்கு அப்படித் தோன்றலாம். ரயில் பாலத்துக்கு அப்பால் ஒரு ஊதல். எல்மர் வாசலில் வந்து நிற்கிறான்.

"சார், ரயில். இந்தத் தடவை நிஜமாவே."

"உள்ள வந்து உக்காருப்பா" என்கிறாள் கோரா. "ஜெனரலுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு."

லைமன் கையை நீட்டுகிறார். அமுக்கிப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. எனக்கும்தான்.

நீங்கள் பாருங்கள். காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அமுக்குங்கள். அமுங்கினால் கத்தியைக் கோரா கையில் கொடுத்துவிட்டு நீங்களும் எல்மரும் வெளியே வந்துவிடுங்கள். அமுங்கவில்லையென்றால் ஒரே ஒரு உபகாரம்: கதையை மறுபடி முதலிலிருந்து படியுங்கள், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. நீங்கள் படித்து முடிக்கிறவரை ரயில் பாலத்துக்கு அப்பாலேயே நிற்கும்.